அக்காவுக்குப் பூசிய ரோஸ் நிறம்

பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கப் பழக்கிவிட்டுப் போன செல்வி அக்காவுக்கு,

ராவாங்கில் எனக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்துவிட்டது. வாடகை அறையில் என்னோடு இன்னும் இரண்டு பெண்கள். வார இதழ் வாங்கினால் கதையைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். படத்தை நின்று பார்க்க ஒருத்தியும் இல்லை. இனி யாரோடு சண்டை போடுவேன், சொல்?

புக்கிட் ரோத்தான் முடிதிருத்தும் கடையிலிருந்து அப்பா பழைய தமிழ்நாட்டு இதழ்களை வாங்கி வருவார். மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, நம் தோட்ட லயத்து வீட்டின் பலகைச் சுவரில் படங்களை ஒட்டுவோம். எனக்குக் காலண்டர் சாமிகள்தான் உயிர். ரோஸ் கன்னம், பளபளக்கும் நகை, பின்னால் நீல மேகம். உனக்கோ தொடர்கதைக்குப் போடும் கறுப்பு மைப் படம். ஒரே இழுப்பில் பின்னல், இரண்டு கோட்டில் மூக்கு, நிழலுக்குப் புள்ளி புள்ளியாக மை.

"கலரெல்லாம் எதுக்குலா? இந்தக் கோட்டப் பாரு, அவ அழப்போறான்னு தெரியுது" என்பாய். "அழகா இல்லியே" என்று நான் விடாமல் வாதாடுவேன். "நம்ம கறுப்புக்கு ஒன் காலண்டர்ல எடமே இல்லடி" என்று ஒருநாள் சிரித்தாய்.

டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோது வீட்டில் உன் படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டை ஐ.சி.யில் இருந்த சின்னப் படம்தான். மாலை போட்டு மாட்ட, அதைப் பெரிதாக்கச் சொல்லிக் கோலசிலாங்கூரில் ஒரு ஸ்டூடியோவில் அப்பா கொடுத்தார். பிறகு, இறந்தவர் ஐ.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். பதிவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

பெரிதாகி வந்த படத்தை நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். மேலே வண்ணம் தீட்டியிருந்தார்கள். சிவந்த தோல், ரோஸ் கன்னம், நீ போட்டே அறியாத அட்டிகை. கல்யாணம் பார்க்காமல் போன பெண் என்று அப்பாதான் நகை போடச் சொன்னாராம். அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, "எம்மக மகாலட்சுமியாட்டம் இருக்கா பாரு" என்றார். "ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

வண்ணம் தீட்டாத பிரதி கிடைக்குமா என்று ஸ்டூடியோவில் போய்க் கேட்டேன். "நெகட்டிவெல்லாம் வைக்கிறதில்ல தங்கச்சி. ஏன், நல்லா வரலியா?" என்றார் ஸ்டூடியோக்காரர். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

போன வாரம் கனவில் வந்தாய். ரோஸ் கன்னத்தோடு, அந்த அட்டிகையோடு வந்தாய். விழித்து உட்கார்ந்து உன் சொந்த முகத்தை நினைக்கப் பார்த்தேன். வரவில்லை அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் முகத்தை வரைய, சீனர் கடையில் ஒரு புட்டி கறுப்பு மை வாங்கியிருக்கிறேன். எனக்குக் கோடு வராது, உனக்கே தெரியும். மூக்குக்கு மட்டும் கண்ணாடியைப் பார்த்துக்கொள்கிறேன், நமக்கு ஒரே மூக்குதானே. கண் இன்னும் வரவில்லை. அது என்னைப் பார்க்கும்வரை போட்டுக்கொண்டே இருப்பேன், சத்தியமாக.

உன் மூக்கோடு இங்கே இருக்கும்
தங்கை மீனா