ரைஸ்மில் ஆளின் பெயர்

திண்டிவனம்,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான என் கணவருக்கு மலர்விழி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் மாமாவும் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை விமானம் ஏறும் அம்சவள்ளி அக்கா வீட்டுக்காரரிடம் ஓடு உடைத்து வறுத்த மல்லாட்டையோடு கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அப்பாவுக்குத் தோள் வலி குறைந்துவிட்டது. போன மாதம் கோலியனூரில் பாழுங்கிணற்றுச் சேற்றில் இடுப்பளவு புதைந்து கிடந்த மனுஷர், இன்று மார்க்கெட்டில் கத்தரிக்காய் சொத்தை என்று சண்டை போட்டுவிட்டு வருகிறார்.

பிள்ளைக்கு எபெத்மெலேக் என்று பெயர் வைக்கச் சொன்னீர்கள். எரேமியா தீர்க்கதரிசியைச் சேற்றுக் குழியிலிருந்து தூக்கியவன். கயிறு அறுக்காமலிருக்க அக்குளில் பழந்துணியை வைத்துக்கொள்ளச் சொன்னவன். மாமாவைத் தூக்கிய ரைஸ்மில் ஆளும் தன் சட்டையைக் கழற்றி அதற்குத்தான் கொடுத்தார். உங்களுக்கு அது தோன்றியதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் போதகரிடம் அர்த்தம் கேட்டேன். எபிரேய மொழியில் 'ராஜாவின் வேலைக்காரன்' என்று அர்த்தமாம். அது அவனுடைய சொந்தப் பெயரா, பார்த்த வேலையையே பெயராக எழுதிவிட்டார்களா என்று படித்தவர்களுக்கே நிச்சயமில்லையாம். பெற்றவள் ஆசையாக என்ன பெயர் வைத்தாளோ!

மாமாவிடம் சொன்னேன். "எங்கப்பாவையும் சாவற வரைக்கும் பெரிய வூட்டு ஆளுன்னுதான் கூப்ட்டானுங்க" என்றார். அப்புறம் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. மாமா பிழைத்ததற்கு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் 'காப்பாற்றிய ரைஸ்மில் ஆளுக்காக' என்று எழுதியது நான்தானே? போதகரும் சபையில் அப்படியே வாசித்தார். வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தோம், பிரியாணி போட்டோம், பெயரை மட்டும் கேட்கவில்லை. வெட்கமாகிவிட்டதுங்க.

நேற்றுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் போய், அங்கிருந்து கோலியனூருக்கு பஸ் மாறிப் போனேன். ரைஸ்மில் முதலாளிக்கே பெயர் தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக 'ஏய்'தானாம். மாமாவைத் தூக்கியவரிடமே நான் கேட்டதும் மனுஷர் பயந்துவிட்டார். "எதுனா கேஸாம்மா? நம்ம பேரு கேட்டா வில்லங்கமாத்தான் இருக்கும்" என்றார். பிள்ளைக்கு வைக்க என்று சொன்னேன். தவிடு ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். "பூமாலைங்க. எங்கம்மா போனப்புறம் யாரும் கூப்புடறதில்ல" என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

பூமாலை பழைய காலத்துப் பெயர்தான். எபெத்மெலேக் என்று அங்கே எல்லோருக்கும் சொல்லியும் விட்டீர்கள். கோபம் வரும், தெரியும். மாமா சம்மதித்துவிட்டார். ஆனாலும் நீங்கள் சொல்லாமல் வைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். சனிக்கிழமை போன் செய்து 'சரி' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், திட்டுவதை ஊருக்கு வந்து திட்டிக்கொள்ளலாம்.

பெயருக்குச் சொந்தக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன். முன் பெஞ்சில் மாமா பக்கத்தில் உட்கார வைப்பேன். போதகர் அந்தப் பெயரைச் சபை முழுக்கக் கேட்கச் சொல்லும்போது அவர் காதில் விழட்டுங்க.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
மலர்விழி