பொன்ராஜின் மரகதம்

12.2.92
நரைத்த பிறகு அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றேன். நான் எழுதும் முதல் சேதி: என் தங்கை புருஷன் பொன்ராஜுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. எங்கள் கூட்டுக் கிணற்றை ஆழப்படுத்தியபோது, பச்சைக் கோடு ஓடிய பாறை வந்தது. மரகதமாம். "வெடி வச்சா செதறிரும் மச்சான்" என்று வேலையை நிறுத்திவிட்டான். என் மிளகாய்ச் செடி தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது.

14.2.92
கல்லுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டிருக்கிறான். தங்கை அருஞ்சுனைக்கு இத்தனை வருஷத்தில் ஒரு முழம் பூ வாங்கித் தந்தானா?

17.2.92
இருவரும் மதுரைக்குப் போனோம். கல்லூரியில் பாறை படித்த அம்மா ஒருவர் கத்தியால் கீறினார். கீறல் விழவில்லை. பொன்ராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தான். பழுக்கத் தொடங்கிய எலுமிச்சை நிறமாக இருக்கிறதே என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம். மெல்லிய சீவலாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம்.

24.2.92
நானும் பார்த்தேன். முதலில் வெளிறிய பச்சை. அம்மா உள்ளே ஏதோ ஒரு தகட்டைத் தள்ளினார் — ஊதா, ரோஸ், மஞ்சள், திருவிழா பலூன் கடை மாதிரி. கல்லுக்குப் பேர் எ-பி-டோட்டாம். சாதாரணக் கல். மரகதத்தை இதே மாதிரி சீவிப் பார்த்தால் சாம்பலாகத்தான் தெரியுமாம்.
"சாம்பலாத் தெரிஞ்சா மரகதம், இத்தன கலரு காட்டுனா சாதாக் கல்லு. யாருகிட்ட கத விடுறாக?" பஸ் அருப்புக்கோட்டை வரும்வரை பொன்ராஜ் இதையே சொன்னான்.

27.2.92
இலை உதிர்கிறது.

28.2.92
அன்று பொன்ராஜ் கோபித்துக்கொண்டு வெளியே போன பிறகு அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். பாறைப் பிளவில்தான் இந்தப் பச்சை படியும். கீழே போகப் போகத் தடிக்கலாம். பிளவில் ஊற்றும் இருக்கலாம். ஊற்றை விட்டுவிட்டு மீதியைச் சொன்னேன்.
"கீழ போகப் போகப் பச்ச தடிப்பா ஓடலாமாம், மாப்ள."
"அவுகளே சொன்னாகளா?"
"அவுகளேதான்."
பொய்யில்லையே?

6.3.92
உளியும் சம்மட்டியுமாகப் பொன்ராஜே இறங்கிவிட்டான். கூலி ஆளை நம்ப மாட்டானாம். மேட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி கேட்கிறேன். நல்ல சத்தம்.

15.3.92
ஊற்று பிடுங்கிக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, "எம் மரகதம் முங்கிப் போச்சே மச்சான்" என்று அழுகிறான்.

18.3.92
பொன்ராஜ் ஆயில் எஞ்சின் கொண்டுவந்து இறைக்கிறான். "வத்தட்டும், எடுத்துக் காட்டுறேன்."
"பக்கத்துல விட்டா திரும்பக் கெணத்துக்குள்ளயே எறங்கிரும் மாப்ள. என் மொளகாக் காட்டுக்குத் திருப்பு" என்றேன். யோசித்துவிட்டுத் திருப்பினான்.

5.4.92
மிளகாய் பூத்துவிட்டது. கிணறு வற்றுவதாக இல்லை. பொன்ராஜ் டீசல் வாங்கப் போயிருக்கிறான்.