கதவில் நீல எண்

அக்கா,

இன்று காலை என் கதவில் நீலப் பெயிண்டால் எண் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வாசனை வீடு முழுக்க நிற்கிறது. கும்மிடிப்பூண்டி முகாமில் உன் கதவிலும் இதே நீலம்தான். அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு உன்மேல் முதலில் வயிறு எரிந்தது.

காசிமேட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்தோம். சண்டைக்குத் தப்பி இலங்கையிலிருந்து படகில் வந்த உனக்கு அரசாங்கம் அறை கொடுத்தது, அரிசி கொடுத்தது. திருவொற்றியூர் கடலோரத்திலேயே பிறந்த எனக்கு ஓலைக் குடிசை.

"உனுக்கு இன்னாக்கா, கவர்மெண்டே வூடு குடுத்துகீது. நானும் படகுல ஏறிக்கினு வந்திருக்கணும்" என்று ஒருநாள் சொல்லியே விட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

"அது வீடில்லைப் பிள்ளை, நிக்கச் சொன்ன இடம்" என்றாய்.

இருக்கிறவள் பேசுகிற பேச்சு என்று நினைத்தேன்.

என் மகளுக்கு மஞ்சள் நீராட்டியபோது நீதான் தலை பின்னினாய். பாதியில் முகாமிலிருந்து ஆள் வந்து, செக்கிங் என்றது. ஆட்களை எண்ணும்போது அறை வாசலில் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். பூவை என் கையில் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினாய். வீடு வைத்திருக்கிற திமிர் என்று அதற்கும் காய்ந்தேன்.

பிறகு சண்டை ஓய்ந்தது என்று உன் ஊருக்கே திரும்பினாய். கிணற்றடி, முருங்கை மரம் என்று பேசிக்கொண்டே போனாய். எனக்கு அப்படிப் பேச ஒன்றுமில்லை.

சுனாமி ஒரே காலையில் என் குடிசையையும் உன்னையும் கொண்டுபோனது. உன்னை உன் ஊர் மண்ணிலேயே புதைத்தார்களாம். முகாமில் இருந்த உன் சித்தி சொன்னாள்.

குடிசை நின்ற கரையையும் கடல் அரித்துவிட, தகரக் கொட்டகையில் கிடந்த எங்களுக்கு இப்போதுதான் எர்ணாவூரில் வீடு கொடுத்திருக்கிறார்கள். எண் போட வந்தவர், "பெரிய ஆபீசர் வருவாரு, ஆள் இல்லன்னா வேறவங்களுக்குப் பூடும்மா" என்றார். கொருக்குப்பேட்டையில் இன்று என் மகளுக்கு வளைகாப்பு. முதல் வளையல் நான் போட வேண்டியது. வளையல் பை கையில் இருக்கிறது, நான் வாசலில் நிற்கிறேன்.

நீ சொன்னது இப்போது புரிகிறது. ஆனாலும் பொறாமை போகவில்லை, அக்கா. உனக்குத் திரும்பிப் போக ஒரு கிணற்றடி இருந்தது. நான் பிறந்த இடத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் கடலுக்குள்தான் நடக்க வேண்டும்.