வெந்நீரில் நனைந்த பெயர்

ஷார்ஜா தொழில்பேட்டை
3.1.2025, வெள்ளி

அன்புள்ள மாரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வழக்கம்போல கலீல் ரஹ்மான் பாய் மளிகை வண்டியில் பர் துபாய் வரும்போது இதைத் தருவார். போனில் பேசத்தான் எனக்கும் ஆசை. இருபது வருஷம் தகரம் தட்டிய காதுக்கு உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. "ஆங், ஆங்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். கடிதம் என்றால் பத்துத் தடவை படிக்கலாம்.

அருணாவுக்கு நர்சிங் கடைசி வருஷப் பரீட்சை நெருங்குகிறது. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வருவீர்களா என்று கேட்டு எழுதியிருக்கிறாள். என்ன பதில் சொல்வது? என்னை மார்ச் கடைசியில் ஊருக்கு அனுப்புகிறார்கள். காது கேட்காத ஆளை மெஷின் பக்கம் நிறுத்த முடியாது, கலாஸ், முடிந்தது என்றுவிட்டார் ஃபோர்மேன். நீயும் வருகிறாயா என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டேன். நீ வேலை பார்க்கும் வீட்டில் குழந்தை அக்ஷய்க்குச் சளி, பத்மா அம்மாவுக்கு இடுப்புவலி என்று எல்லாம் எழுதுகிறாய். இதற்கு மட்டும் பதில் இல்லை.

ஒரே நாட்டில் ஒன்பது வருஷம் இருந்துகொண்டு, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை படகுத்துறையில் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்கிறோம். அதுவே உனக்குப் போதுமா?

பத்மா அம்மா குடும்பம் ஜப்பானுக்கு உன்னையும் கூட்டிப்போவதாக பாய் சொன்னார். அங்கே பனி கொட்டுமாம். ஸ்வெட்டர் இரண்டு எடுத்துக்கொள்.

உன்
கார்மேகம்

*

ஜப்பான்
17.1.2025

அருணா அப்பாவுக்கு மாரி எழுதுவது.

இந்த மலையூரின் பெயர் என் வாயில் நுழையவில்லை. வானமும் தரையும் ஒரே வெள்ளை. நடந்தால் காலடிச் சத்தம்கூட இல்லை. உங்கள் காதுக்கு உலகம் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

பூமியிலிருந்து வெந்நீர் தானாகப் பொங்குகிறது. அதைக் குளமாகத் தேக்கி, பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி என்று வைத்திருக்கிறார்கள். துணியில்லாமல்தான் இறங்க வேண்டுமாம். நான் மாட்டேன் என்றேன். "முட்டுவலிக்கு நல்லது மாரி, இங்க யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க" என்று பத்மா அம்மா கையைப் பிடித்து இழுத்துப்போனார்.

வாசலிலேயே ஒரு பெண் என் கையைப் பார்த்துவிட்டாள். பச்சை குத்தியவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லையாம். இங்கே ரவுடிகள்தான் உடம்பெல்லாம் குத்திக்கொள்வார்களாம்! "நான் ரவுடியாம்மா?" என்று கேட்டேன். பத்மா அம்மாவுக்குச் சிரிப்பும் சங்கடமும். அந்தப் பெண் பலமுறை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள். 'வீர' மறைந்தது. 'பாண்டி' வெளியே நின்றது. அவள் போனில் பேசினாள், போன் தமிழில் கேட்டது: "இதில் என்ன எழுதியிருக்கிறது?"

சாமி பேரு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்களிடம் இருபத்திரண்டு வருஷமாகச் சொன்னதுதானே. ஆனால், "எனக்குப் பேசி முடிச்சவரு பேரு. கல்யாணத்துக்கு முன்னாடியே செத்துட்டாரு" என்று வந்துவிட்டது. போன் அதை அவள் பாஷையில் சொன்னது. அவள் பிளாஸ்திரியை மெதுவாக உரித்து எடுத்தாள். பின்பக்கம் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் சின்னக் குளம் ஒன்று இருந்தது. அதைத் திறந்து என்னைத் தனியே விட்டுப் போனாள்.

அருணா அப்பா, வீரபாண்டி எங்கள் குலசாமி இல்லை. எனக்குப் பதினேழு வயதில் நிச்சயம் பண்ணிய ஆள். அவருடைய அம்மா ஆசைப்பட்டுத் திருவிழாவில் பச்சை குத்தச் சொன்னார். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது செங்கல் லாரி கவிழ்ந்து போய்விட்டார். ஊரே என்னை ராசியில்லாதவள் என்றது. நீங்கள் பெண் கேட்டு வந்தபோது, "சாமி பேருன்னு சொல்லிரு" என்றார் அப்பா. சொன்னேன். அன்றிலிருந்து முழுக்கை ரவிக்கைதான்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாததும் இதனால்தான். படகுத்துறையில் இரண்டு மணி நேரம் பொய்யை மறைத்துவிடலாம். ஒரே வீட்டில், மிச்ச வாழ்நாள் முழுக்க எப்படி?

கழுத்துவரை வெந்நீர், தலையில் பனி. ஆவியில் என் கையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் இருந்தேனோ. தூங்கினேனா, அழுதேனா, அதுவும் தெரியவில்லை. வெளியே வந்து நேராக இதை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணே தபாலில் சேர்க்கிறேன் என்கிறாள்.

நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் சரி.

மாரியம்மாள்

*

ஷார்ஜா
31.1.2025, வெள்ளி

மாரிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பாய் கடையில் டீயை வைத்துக்கொண்டே படித்தேன். டீ ஆறிவிட்டது. "என்ன, ஊர்ல எதும் பிரச்சினையா?" என்று பாய் எழுதிக் காட்டினார். "இல்ல பாய், என் பொண்டாட்டி இப்பத்தான் என்கிட்ட பேசுறா" என்றேன்.

எனக்குத் தெரியும், மாரி. பெண் கேட்டு வந்த அன்றே உன் சித்தப்பா என்னைத் தனியே கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டார். தெரிந்துதான் தாலி கட்டினேன். நீ சாமி பேர் என்று சொல்லிவிட்டு முந்தானையால் கையை மூடிக்கொண்டாய். அகாலமாய்ச் செத்தவனைச் சாமியாக்கிக் கும்பிடுவது நம் பக்கம் உள்ளதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் குலசாமி கோயிலுக்குப் போவோமா என்று நான்கைந்து தடவை கேட்டேனே, நீ வாய் திறப்பாய் என்றுதான். ஒவ்வொரு தடவையும் உனக்குத் தலைவலி வந்துவிடும்.

பெரிய மனசுக்காரன் என்று நினைத்துவிடாதே. அருணா கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்து, அந்தக் கையால் விடியும்வரை தலையைத் தடவினாய். அன்றைக்குப் பொறாமையாக இருந்தது. கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை, நீ சொல்லவில்லை. வயது போய்விட்டது.

முடிவு எடுக்க வேண்டியது நான் இல்லை, நீதான். மார்ச் 28 வெள்ளிக்கிழமை விமானம். திருச்சிக்கு. இனிமேல் கேட்க மாட்டேன்.

கார்மேகம்

*

பர் துபாய்
9.2.2025

என் அன்புள்ள உங்களுக்கு,

ஊருக்குப் போவதாக இன்று காலை பத்மா அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டார். மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்ஷய்ய உன்ன மாதிரி யாரு பாத்துப்பா?" என்று அழுதார். நானும் அழுதேன். ஆனாலும் அவர் வீட்டுக்காரர் சேதுமாதவன் சார் என் விசா ரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அருணாவுக்கு நீங்களே எழுதிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இருபத்திரண்டு வருஷம் தெரியாதவர் மாதிரி எப்படி இருந்தீர்கள்? என் தலைவலியைக் கேலியா பண்ணினீர்கள்? அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவரை நான் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். முகம் மறந்து ரொம்ப நாளாகிறது. அந்தக் குளத்தில் உட்கார்ந்து ஞாபகப்படுத்திப் பார்த்தேன், வரவேயில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்லப் பயந்தேனோ என்னவோ. ஒரு பெயருக்காக இத்தனை வருஷம் பயந்தேன், அந்தப் பெயருக்கு முகமே இல்லை.

உங்கள் விமானத்திலேயே எனக்கும் போடச் சொல்லுங்கள். ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் நீங்கள். நான்கு மணி நேரம் இருக்கிறது. என் வாயைப் பார்த்துக்கொண்டே வாருங்கள், மெதுவாகச் சொல்கிறேன்.

உங்கள்
மாரி