நீங்கள் கேட்ட நாலு குஞ்சு

அக்கா,

இன்று ஜாடியின் மேல்துணியை எடுத்ததும் ஊறிய பாதாம் இலையின் வாடை வந்தது. பினாங்கிலிருந்து நீங்கள் கப்பலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மீன்களுக்கு அந்த இலை இல்லாமல் ஆகாது என்பீர்கள். தங்கச் சுரங்கத்துக் குடியிருப்பான கோரமண்டல் லைனில் அடுத்த வீட்டுக்காரியான என்னிடம் ஒரு ஜோடியைக் கொடுத்து, "எனக்கு ஏது பொறுமை? நீதான் எல்லாத்தையும் எழுதி வெக்கிறவளாச்சே. குஞ்சு வந்தா நாலு குடு, போதும்" என்றீர்கள்.

எழுதித்தான் வைத்தேன். தண்ணீர் மாற்றிய நாள், கொசுப்புழு போட்ட நாள், பெண் மீன் முட்டையிட்ட நாள். அதற்கடுத்த வரி மட்டும் எப்போதும் ஒன்றே: அவன் தின்றுவிட்டான். ஆண் மீனை நாம் அவன் என்றுதானே சொல்வோம். என் கண்ணெதிரே முட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் எடுப்பான். பிறகு தாடை வீங்கி, இரை போட்டாலும் திரும்பாமல் மூலையில் நிற்பான். ஆத்திரத்தில் துணியால் அள்ளி வேறு ஜாடியில் போடுவேன். மறுநாள் வீக்கம் இருக்காது. புழுவுக்குப் பாய்ந்து வருவான்.

"இன்னா, வந்துச்சா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பீர்கள்.

"எங்க வருதுக்கா, துன்னுட்டான் பாவி. மூஞ்சிய உப்ப வெச்சிக்கினு இப்பப் பட்டினி கெடக்குறான்."

"ஏன், கிருத்திகைக்கு நீ மட்டுந்தான் வெரதம் இருப்பியா? உட்டுடு அவன."

சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு அள்ளும் துணியை எடுத்தேன். இப்படி நாலு முறை.

காய்ச்சலில் படுத்தபோதும் அதையே கேட்டீர்கள். இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. நீங்கள் போன அன்று அவன் தாடை வீங்கித்தான் இருந்தது. அள்ளிப் போட எனக்கு நேரமில்லை. ஜாடியை மூடிவிட்டு உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். காரியம் முடியும்வரை உங்கள் அடுப்படியிலேயே இருந்தேன்.

பதினாறு நாள் கழித்துத் துணியை எடுத்தேன். சுரங்கத்துக் கல்லை இடிக்கும் மில்லின் அதிர்வில் எப்போதும்போலத் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. இலைக்கடியில் கண்ணும் வாலுமாகப் பதினொரு குஞ்சு. அவன் வயிறு ஒட்டிக் கிடந்தான். முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறான் அக்கா. ஒவ்வொரு முறையும் நான் அள்ளிய பயத்தில்தான் விழுங்கியிருக்கிறான்.

முருகன் படத்தின் முன் நின்றேன். வேண்டுதல் ஒன்றும் வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலில் என் மேல். உங்கள் மேலும்தான். ‘உட்டுடு அவன’ என்ற அந்த வார்த்தையை ஒரு தரமாவது சிரிக்காமல் சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கள் போனால்தானா என் கை ஓய வேண்டும்?

நோட்டில் அந்த நாலு வரியையும் அடித்துவிட்டேன். உங்கள் நாலு குஞ்சு தனி ஜாடியில் வளர்ந்து நிற்கிறது, கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. நேற்று அவன் தாடை மறுபடி வீங்கியது. கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.