வலப்பக்கத்தில் எழுதாத பெயர்

அண்ணை,

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது. சில இடங்களில் கொம்பை முன்னால் போட மறந்து பிறகு இடுக்கில் செருகியிருக்கிறேன். ஆனாலும் இது என் கை எழுதுவது. அறுபத்தொன்பது வயதில் நான் எழுதும் முதற் கடிதம். ஒவ்வொரு சொல் முடியும்போதும் அதை நானே வாசித்துப் பார்க்கிறேன். அது வாசிக்கவும் வருகிறது. அதை நினைக்கச் சிரிப்பு வருகிறது.

நேற்று மருமகள் என் பழைய கறுப்புக் கோட்டைக் கழித்துவிட எடுத்தாள். பையைத் தடவிப் பார்த்தவள் ஒரு விரல் நீளப் பென்சிலை நீட்டினாள்.

“என்ன மாமா, களவெடுத்ததோ?”

“ஓம் பிள்ளை. கோயிலிலை.”

அவள் பகிடி என்று நினைத்தாள். மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஈரக் கல்லும் மெழுகுதிரியும் மணத்தன. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ தெரியாது. அந்தப் பென்சிலால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒன்று தெரியாது. எனக்கு அப்போது எழுத வாசிக்கத் தெரியாது. ஊரில் பள்ளிக்கூடத்தில் எங்கள் சாதிப் பிள்ளைகளை வாங்கில் இருக்க விடவில்லை, நிலத்தில் இருத்தினார்கள். இரண்டாம் நாளே அப்பு வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதோடு என் படிப்பு முடிந்தது. நீங்கள் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். உங்களிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டேன்.

இங்கே ஒஸ்லோவில், ரொம்மனில் ஒரே பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் இருவரும் துப்புரவு வேலை செய்தோம். கரும்பலகை துடைப்பது என் பங்கு. அதில் என்ன இருந்தது என்று தெரியாமலே எத்தனை ஆயிரம் எழுத்தை அழித்திருப்பேன்! இடைவேளையில் நீங்கள் தமிழ்ப் பேப்பரை நீட்டுவீர்கள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்பேன்.

“என்ன ஐசே, உம்மடை கண்ணாடிக்கு வீட்டுக்காவலோ?” என்று நக்கலடித்துவிட்டு நீங்களே உரக்க வாசிப்பீர்கள். ஒருநாளும் சந்தேகப்படவில்லை. பதினொரு வருடம் அந்தக் கண்ணாடி என்னைக் காப்பாற்றியது.

பிறகு ஊரில் சண்டை ஓய்ந்து சமாதானம் பேசிய காலம் வந்தது. பாதை திறந்ததும் நீங்கள் ஊருக்குப் போய் காணாமற்போன மகனை ஒரு மாதம் தேடினீர்கள். அதற்கு ஏழு வருடத்துக்கு முதல், ஒஸ்லோவுக்கு அவனை எடுப்பிக்கக் கடதாசி அலுவல் நடந்துகொண்டிருந்தபோதுதான் அங்கே இடப்பெயர்வு வந்தது. மாமி வீட்டிலிருந்து சைக்கிளில் மா வாங்கப் போனவன். பத்தொன்பது வயது. சைக்கிள் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. நீங்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தீர்கள். அவன் எங்கேயோ இருக்கிறான் என்றார் அவனைப் பெற்ற அக்கா. செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியை அவனுக்கும் செய்யவேண்டும் என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து போய்விடுவீர்கள்.

அந்த இலையுதிர்காலம் இங்கிலாந்தில் உங்கள் தங்கச்சி மகளுக்குக் கலியாணம். அக்கா வரவில்லை. துணைக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். விமான நிலையத்திலிருந்து மணப்பெண்ணின் தமையன், உங்கள் மருமகன், காரில் ஏற்றிப் போகும்போது மழை கண்ணை மறைத்தது. ஒரு சின்னக் கிராமத்தில் நிறுத்திவிட்டு அவன் போனில் கதைக்கத் தொடங்கினான். எதிரே பழைய தேவாலயம். சாய்ந்த கல்லறைகள், பாசி, சதுரக் கோபுரம், அதில் காகங்கள். “நனையாமல் உள்ளை நிப்பம்” என்றீர்கள்.

வாசலில் நாங்கள் இருவரும் சப்பாத்தைக் கழற்றினோம். கோயிலென்றால் கால் தானாகவே கழற்றிவிடுகிறது. உள்ளே பூ வைத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவி எங்கள் காலுறையைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். நிலம் பனிக்கட்டி. நான் நின்ற கல்லில் எழுத்துச் செதுக்கியிருந்தது. நீங்கள் குனிந்து வாசித்துவிட்டுத் துள்ளி விலகினீர்கள்.

“ஐசே! சவத்துக்கு மேலை நிக்கிறம். கலியாண வீட்டுக்குப் போற ஆக்கள்!”

விலகி நின்ற கல்லும் கல்லறைதான். நிலம் முழுக்க அப்படித்தான் என்று கிழவி கை காட்டினார். கட்டி எண்ணூறு வருடம், புதைத்ததும் எண்ணூறு வருடம். அன்று பின்னேரம் கலியாண வீட்டுக்குள் போக முதல் குழாயடியில் இருவரும் தலை முழுகினோம், குளிரில் பல்லடிக்க.

ஆனால் அதற்கு முதல் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

சுவரில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. பெயர்கள். அந்த ஊரிலிருந்து பழைய யுத்தத்துக்குப் போன பெடியள். கிழவி விரலை வைத்து மூன்று பெயரைக் காட்டினார். நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டு எனக்குச் சொன்னீர்கள்.

“இந்த மூண்டு பேரின்ரையும் உடம்பு கிடைக்கேல்லையாம். தாய்மார் பேரை மட்டும் போடச் சொன்னவையாம்.”

அந்தத் தகட்டின் முன்னால் நெடுநேரம் நின்றீர்கள். உங்கள் சட்டைக் கொலரிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தூணோடு ஒரு மேசை, அதில் விரித்த புத்தகம், பக்கத்தில் இந்தப் பென்சில். இடப்பக்கத்தில் நோயாளிகளின் பெயர், வலப்பக்கத்தில் இறந்தவர்களின் பெயர். ஞாயிறு காலை எல்லாவற்றையும் உரக்க வாசிப்பார்களாம். தங்களுக்குத் தெரியாத எழுத்தென்றால் ‘இங்கே எழுதப்பட்டிருப்பவர்’ என்று சொல்லுவார்களாம்.

நீங்கள் பென்சிலை எடுத்தீர்கள், வைத்தீர்கள். பிறகு என்னிடம் தந்தீர்கள்.

“பெத்தவன்ரை கையாலை ஏலாது ஐசே. நீர் எழுதும். தமிழிலை எழுதும்.”

“அண்ணை, கண்ணாடி...”

“இந்தாரும்.” உங்கள் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் நீங்களே மாட்டிவிட்டீர்கள். “வலப்பக்கம்” என்றீர்கள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

உங்கள் கண்ணாடிக்குள் புத்தகம் பால் சிந்தியதுபோலத் தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: சம்பளக் கடதாசியில் கையெழுத்தென்று போடுகிற சுழி. அதை வலப்பக்கத்தில் போட்டேன். பெயர் நீளம் வரவேண்டுமென்று பக்கத்தில் இன்னும் இரண்டு சுழி போட்டேன்.

“எழுதிட்டீரோ?”

“ஓம் அண்ணை.”

நீங்கள் திரும்பாமலே அழுதீர்கள். அத்தனை வருடத்தில் அவனுக்காக நீங்கள் அழுததை அன்றுதான் கண்டேன். கிழவி பூவை வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். என் பையில் பென்சில் எப்போது விழுந்தது என்று தெரியாது.

ஒஸ்லோவுக்கு வந்து முதல் ஞாயிறு எல்லிங்ஸ்ருட்டில் என் வீட்டுப் போன் அடித்தது. “இப்ப வாசிச்சிருப்பினம்” என்றீர்கள். உடனே போனை வைத்துவிட்டீர்கள். அந்த மாதமே ஐயரிடம் போனீர்கள். அவன் செத்த நாள் தெரியாததால் அவர் ஓர் அமாவாசையைக் குறித்தார். ஏரிக்கரையில் பனி உறைந்திருந்தது. காலால் உடைத்துத்தான் பிண்டத்தைக் கரைத்தோம். அக்கா வரவில்லை. “உயிரோடை இருக்கிற பிள்ளைக்குத் தண்ணி வார்த்திட்டார்” என்று உங்களோடு கதைப்பதை நிறுத்தினார். உங்கள் லோறென்ஸ்கூக் வீட்டில் ஒரே மேசையில் இருவரும் வாய் திறக்காமல் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒரு ஊரே அவனுக்காக எழும்பி நிண்டிட்டுது. இனி நான் ஒளிக்கேலாது” என்றீர்கள்.



இரண்டு வருடத்துக்கு முதல், மாசியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கேட்டீர்கள். மூக்கில் குழாய். “அவன்ரை பேரை வடிவா எழுதினனீர்தானே?”

“வடிவா எழுதினனான் அண்ணை.”

இதுதான் நான் உங்களுக்குச் சொன்ன கடைசி வார்த்தை.

உங்களை எரித்துவிட்டு வந்த கிழமை மருமகளிடம் ‘எனக்கு எழுதப் பழக்கு’ என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. குசினி மேசையில் இரண்டு மாரிகாலம் பழகினேன். ‘அ’ மட்டும் ஒரு கிழமை எடுத்தது. என் பெயரை முதன்முதல் எழுதிய நாள் அதைக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. ஆனால் நான் பழகியது என் பெயருக்காக இல்லை. அவன் பெயரை ஒழுங்காக எழுதி அந்தத் தேவாலயத்துக்கு அனுப்பவேண்டும், இந்த முறையாவது அவர்கள் அவனை வாசிக்க வேண்டும். அதற்காகத்தான். முகவரி உங்கள் மருமகனிடம் வாங்கினேன். கடித உறைகூட வாங்கி வைத்தேன்.

அனுப்புவதற்கு முதல் அக்காவிடம் உண்மையைச் சொல்வது முறை என்று பட்டது. போன சனிக்கிழமை லோறென்ஸ்கூக்குக்குப் பஸ் ஏறினேன். ஏச்சு வாங்கத்தான் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி, சுழி, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், எல்லாம்.

அக்கா கையிலிருந்த கோப்பையை வைத்தார்.

“அப்ப செத்த ஆக்களுக்குள்ளை அவன்ரை பேர் இல்லையோ?”

“இல்லை அக்கா. என்ரை கையெழுத்துத்தான் கிடக்கு.”

“ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?”

“வாசிச்சிருக்க ஏலாது.”

அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். “நல்ல வேலை செய்தனீங்கள் தம்பி. தெய்வம்தான் உங்களுக்குப் படிப்பிக்காமல் விட்டது.” பிறகு அந்தக் கைகளை விடாமலே சொன்னார்: “நான் இருக்குமட்டும் அவன்ரை பேரை அங்கை எழுதமாட்டன் எண்டு சொல்லுங்கோ.”

உங்கள் முகம் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் சொன்னேன், அண்ணை. சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்குச் செய்தது ஒரு துரோகம், இது இரண்டாவது. எது பெரிது என்று எனக்கு நிறுக்கத் தெரியவில்லை. கடித உறை வெறுமையாகக் கிடக்கிறது. எழுதத் தெரியாதபோது எழுதாமல் விட்ட பெயரை, எழுதத் தெரிந்த பிறகும் எழுதாமல் வைத்திருக்கிறேன். அது நான்கு எழுத்து. ஒவ்வொன்றும் எனக்கு வடிவாக வரும்.

கை நோகிறது. வருகிற கிழமையும் உங்களுக்கு எழுதுவேன். என் எழுத்து இன்னும் கொஞ்சம் நேராகியிருக்கும். எல்லாவற்றையும் எழுதுவேன், அவன் பெயரைத் தவிர.