டெஸ்க்டாப்பில் தெரிந்த தேதி

மார்ச் 4, செவ்வாய்

ஆர்கனைசரின் திரையில் மூன்றாவது கோடும் விழுந்துவிட்டது. பேட்டரி மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. குறிப்பும் தேதியும் எழுதிவைக்கும் உள்ளங்கையளவு கருவி, இத்தனை வருடம் உழைத்ததே பெரிது. ஆனால் இப்போது அதற்குள் ஒரு மனிதரின் மானம் இருக்கிறது.

காலையில் சாவி வந்திருந்தார். நான் வேதியியல் சொல்லிக்கொடுத்த பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். பள்ளியின் சாவிகள் முழுவதும் அவர் இடுப்பில் தொங்கும், அதனால் அந்தப் பெயர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஜூன் 17 அன்று ஆய்வகத்தில் தீப்பிடித்து ஒரு மாணவியின் கை வெந்தது. கேஸ் குழாயைக் கவனிக்கவில்லை என்று இவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். ரப்பர் குழாயில் விரிசல் என்று அவர் என்னிடம் முன்பே சொன்னார். நான் தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். ‘என்னிடம் யாரும் சொல்லவில்லை’ என்று விசாரணையில் தலைமை ஆசிரியர் கூசாமல் சாதித்தார். இரக்கப்பட்டு நான் கதை கட்டுகிறேன் என்று முடிவாயிற்று.

இப்போது சாவியின் மனுவைப் பார்த்து, புதிய கல்வி அதிகாரி அந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார். தேதி போட்ட எழுத்துச் சான்று வேண்டுமாம்.

“விரிசல்னு நான் சொன்ன அன்னிக்கு நீங்க இதுல குச்சியால தட்டி எழுதினீங்களே சார். நான் பக்கத்துலதான் நின்னேன்.”

எழுதினேன். அன்று விசாரணையில் இதைக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவர்கள் நடுவே பொம்மையை எடுத்து நீட்டுவதுபோல இருந்திருக்கும்.

மார்ச் 6, வியாழன்

இருக்கிறது! ஒரு மணி நேரம் ஒவ்வொரு நாளாகப் பின்னால் தள்ளி, கோடுகளுக்கு நடுவே படித்தேன். ஜூன் 3: ‘சாவி சொன்னார் — இரண்டாம் மேசை, ரப்பர் குழாயில் விரிசல்.’

சாவிக்கு போன் செய்தேன். குறிப்பை வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அவர் மனைவி போனை வாங்கி, “அழுறார் சார், அப்புறம் பேசுவார்” என்றார்.

இனி இதைக் காகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். புதிய கணினி எதிலும் ஆர்கனைசரின் கேபிள் நுழையவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மருமகள் தன் அலுவலக ஸ்டோரிலிருந்து ஒரு பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிவந்தாள். “ரெண்டும் ஒரே வயசு மாமா. ஜாதகம் பொருந்தும்.”

பொருந்தவில்லை. குறிப்புகள் அதில் ஏறுவது நாலு முறை பாதியில் நின்றது. அவள் பொறுமை இழந்தாள், நான் இழக்கவில்லை. துளித்துளியாக அமிலம் விடும்போது ஒரு துளி அதிகமானால் முழுப் பரிசோதனையும் போச்சு — முப்பது வருடம் மாணவர்களுக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னேன்.

“ஐயோ, பெல் அடிச்சாச்சு மாமா. கிளாஸ் முடிஞ்சுது.”

மார்ச் 11, செவ்வாய்

எல்லாம் வந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

நேற்று அந்த ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

ஆர்கனைசரில் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்று உண்டு. சின்னத் திரை, நெரிசலாக இருக்கும் என்று அந்தந்த மாதத்தை மட்டும் காட்டும்படி வைத்திருந்தேன். டெஸ்க்டாப் அப்படி இல்லை. முடிக்காத வேலைகளைத்தான் முதலில், சிவப்பில் காட்டுகிறது. ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

‘குழாய் — தலைமை ஆசிரியரிடம் சொல்ல.’ எழுதிய நாள் ஜூன் 3. முடிக்கவேண்டிய நாள் ஜூன் 19.

தீப்பிடித்தது 17.

தேதி தானாக நகராது. குச்சியால் அழுத்தி நான்தான் நகர்த்தியிருக்க வேண்டும். ஒரு முறையா? நாலு முறையா? பள்ளி திறந்து சேர்க்கை நடந்த நாட்கள் அவை. நாளைக்கு, நாளைக்கு என்று — இல்லை, நான் அவர் அறைக்குப் போனேன். பச்சை மேசைவிரிப்பு, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது, “பார்க்கலாம்” என்றது, எல்லாம் ஞாபகம் இருக்கிறதே! அது வேறு எதற்காகவோ போன நாளா? போகிற வேலை ஜூன் 19க்குக் காத்திருக்கும்போது நான் எப்படிப் போயிருக்க முடியும்?

சொல்லலை. நான் சொல்லவே இல்லை.

மார்ச் 13, வியாழன்

சாப்பிடவில்லை. மருமகள் கேட்டாள், காட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

“ஜூன் மூணு குறிப்பை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கலாமே மாமா. அவர் உங்ககிட்ட சொன்னார்னு அதுலயே இருக்கு. அவருக்கு அது போதும்.”

போதும்தான். அதுதான் என்னைக் கொல்கிறது. ‘அவர் சொன்னார், நான் மறந்தேன்’ என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தாலும் போதும். அவர் வேலையில் இருந்திருப்பார். நான் மனமறிந்து பொய் சொல்லவில்லை. ஆனால் ‘சார், தெரியாமத்தான் தப்பா எழுதினேன்’ என்று அழுத பிள்ளைக்கு நான் ஒரு மதிப்பெண்கூடக் கூட்டிப் போட்டதில்லை.

மார்ச் 14, வெள்ளி

இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டேன்.

மார்ச் 15, சனி

சாவி வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அவர் மனைவி சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார், விசாரணைக்குப் போட்டுப் போகிற சட்டை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமல் தாளைக் கொடுத்து, எது என்ன தேதி என்று விளக்கினேன். பாடம் நடத்துவதுபோலத்தான் விளக்க வந்தது. வேறெப்படிப் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.

“அப்போ நீங்க சொல்லவே இல்லையா சார்?” என்று கேட்டது அவர் மனைவி.

சாவி தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தையும் பார்த்தார்.

“ஹெட்மாஸ்டர் பொய் சொல்லல.”

“இல்லை.”

“அவர் சாவுக்குக்கூட நான் போகல சார். இந்தத் தெரு வழியாத்தான் கொண்டு போனாங்க. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன்.”

நானும்தான் போகவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 19, புதன்

விசாரணை. தாளைக் கொடுத்தேன். அதிகாரி இளைய பெண். “இது உங்களுக்கே எதிரா இருக்கே சார், புரிஞ்சுதான் குடுக்கறீங்களா?” என்று இரண்டு முறை கேட்டார். புரிந்துதான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

வெளியே நீளமான பெஞ்சு. சாவி அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். நடுவில் ஆறு பேர் உட்காரலாம்.

மார்ச் 23, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

டெஸ்க்டாப்பைத் திருப்பித் தரவேண்டுமாம். “அழிச்சிடட்டுமா மாமா, இல்ல காப்பி பண்ணிக்கணுமா?” என்றாள் மருமகள். நான் கேபிளைச் சுருட்டிக் கட்டினேன். பிறகு பார்த்தால், தானாகவே காப்பி பண்ணி வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 10, வியாழன்

தபாலில் உத்தரவின் நகல் எனக்கும் வந்தது. உதவியாளர் மீது எந்தக் குற்றமும் இல்லை. பழைய குறிப்பு கோப்பிலிருந்து நீக்கப்படுகிறது. மூன்றாம் பத்தி ஆசிரியரின் கவனக்குறைவைப் பற்றியது. சரியாகவே எழுதியிருக்கிறார்கள், திருத்த ஒன்றுமில்லை.

கடைசிப் பக்கத்தில் சாவி அதைப் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. போன வெள்ளிக்கிழமை. அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.